சூப்பர்சார்ஜர் போட்ட காருக்கு எரிபொருள் தொகுதி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சூப்பர்சார்ஜர் (எஞ்சின் பெல்ட்டால் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அழுத்தி ஏற்றும் கருவி) போட்ட கார் வைத்திருப்பவர்களும், இனிப் போட நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. 300 முதல் 500 குதிரைவலு வரை போகும் பெற்றோல் கார்களுக்கு, அதிலும் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர், காற்று உள்ளே போகும் இன்ரேக் குழாயில் இருக்கும் வகைக்கு, இந்தப் பதில்கள் பொருந்தும். குதிரைவலு என்று வரும் இடமெல்லாம் எஞ்சினில் எடுக்கும் கணக்கு, ரயரில் அளப்பது அல்ல.

பூஸ்ட் 6 பிஎஸ்ஐ தானே. கம்பனி போட்ட பம்பும் இன்ஜெக்டரும் போதாதா?

பெரும்பாலும் போதாது. பூஸ்ட் என்பது சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம்; பிஎஸ்ஐ அதை அளக்கும் அலகு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் 6 ஏற்றினால் எஞ்சினுக்குள் போகும் காற்று ஏறத்தாழ 40 வீதம் கூடுகிறது. (காற்று சூடாவதால் கொஞ்சம் குறையும்.) பெற்றோலும் அதே அளவு கூட வேண்டும். பூஸ்டில் கலவையைச் சற்றுச் செறிவாக வைப்பதால் அதற்கு மேலும் வேண்டும். கம்பனி இன்ஜெக்டரில் அவ்வளவு மிச்சம் இருப்பது அரிது.

பற்றாக்குறை சத்தம் போட்டுக்கொண்டு வராது. கார் நன்றாக இழுக்கும். பெற்றோல் குறைந்து மெலிந்த கலவையில் ஒரு கட்டம் வரை இன்னும் நன்றாகவே இழுப்பதுபோல் இருக்கும். பிறகு நொக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது), அதன்பின் பிஸ்ரனில் இரண்டு ரிங்குக்கு நடுவில் உள்ள விளிம்பு உடைதல். இதற்கு இரண்டு மூன்று செக்கன் போதும்.

எந்த வகைச் சூப்பர்சார்ஜர் என்பதையும் பாருங்கள். ரூட்ஸ், இரட்டைத் திருகு வகைகள் பெடலை மிதித்த உடனே நிமிடத்துக்கு 2500 சுழற்சியிலேயே பூஸ்ட் தரும். சென்றிபியூகல் வகையில் சுழற்சி ஏற ஏறத்தான் பூஸ்ட் ஏறும். உச்சப் பூஸ்ட் ரெட்லைனில், அதாவது எஞ்சினின் சுழற்சி எல்லையில், வரும். அங்கேதான் இன்ஜெக்டருக்கு நேரமே இல்லை. 7000 சுழற்சியில் நாலு அடிப்பும் (எஞ்சின் இரண்டு தரம் சுழல) சேர்ந்த ஒரு முழுச் சுற்றுக்குக் கிடைப்பது 17 மில்லிசெக்கன்.

இன்ஜெக்டர் அளவை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு 6.5 சிசி என்று வையுங்கள். டர்போவுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். சூப்பர்சார்ஜரை பெல்ட்டால் சுற்றுவதற்கே எஞ்சின் வலுவில் ஒரு பங்கு போகிறது; அந்தப் பங்குக்கும் பெற்றோல் எரியத்தான் வேண்டும்.

400 குதிரைவலு, 4 சிலிண்டர்: 400 × 6.5 = 2600 சிசி. நாலால் பிரித்தால் 650. இன்ஜெக்டர் 85 வீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது, ஆகவே 650 ÷ 0.85 = 765. வாங்க வேண்டியது 800 சிசியை ஒட்டிய ஒன்று. அதே 400 ஐ 6 சிலிண்டரில் எடுத்தால் 510 சிசி போதும்.

1000 போட்டால் எதிர்காலத்துக்கு உதவும் என்று பலர் நினைப்பார்கள். நவீன இன்ஜெக்டர் என்றால், தயாரிப்பாளரின் முழுத் தரவும் கையில் இருந்தால், சரி. தரவு இல்லாத மலிவு 1000 சிசி போட்டு ஐடிலில் கார் தள்ளாடுவதைப் பார்ப்பதைவிட அளவான 800 மேல். தரவு என்பது முக்கியமாக, இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் ஒவ்வொரு வோல்ற்றிலும் எவ்வளவு என்ற அட்டவணை. அது இல்லாமல், ஈசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரியூன் பண்ணுபவர் ஊகித்துத்தான் எண் போட வேண்டிவரும். பிறகு இரவில் ஹெட்லைற்றும் ஏசியும் போட்டதும் கலவை மாறும்.

வாங்குமுன் தடையை மீற்றரில் அளவுங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் உயர்தடை வகை, பெரும்பாலான கார்களுக்கு நேரே போகும். 2 முதல் 4 ஓம் என்றால் தாழ்தடை வகை. அதை உயர்தடைக்கென்று செய்த ஈசியுவில் கொழுவினால், உள்ளே இன்ஜெக்டரை இயக்கும் மின்சுற்று கருகும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் எஞ்சினிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் வாங்குபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். அப்படி வாங்கினால் நாலையும் ஒரே பெஞ்சில் ஓடவிட்டு அளந்து, ஒன்றுக்கொன்று 2 வீதத்துக்குள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

இன்ஜெக்டரை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் கூட்டினால் என்ன?

கொஞ்சம் உதவும். ஆனால் அழுத்தம் கூடுவதன் வர்க்கமூலத்துக்குத்தான் பாய்ச்சல் கூடும். 3 பாரில் 550 சிசி தரும் இன்ஜெக்டர் 4 பாரில் 635 தரும். அழுத்தத்தில் 33 வீதம் கொடுத்து, பாய்ச்சலில் 15 வீதம் பெறுகிறீர்கள். அதே நேரம் பம்ப் தரும் அளவு இறங்கும், அது இழுக்கும் மின்னோட்டம் ஏறும்.

பழைய கிற்களில் பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் பெற்றோல் அழுத்தத்தை 10, 12 பிஎஸ்ஐ ஏற்றும் ஒரு ரெகுலேற்றர் வரும். 6 பிஎஸ்ஐ பூஸ்டில் அது வழக்கமான பெற்றோல் அழுத்தமான 43 உடன் 72 ஐக் கூட்டி 115 பிஎஸ்ஐ கேட்கும். எந்தச் சாதாரணப் பம்பும் அங்கே போகாது. இன்னும் அது இருக்கும் கார் கைக்கு வந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

வேண்டியது ஒன்றுக்கு ஒன்று ரெகுலேற்றர். அதன் சிறு குழாய் இன்ரேக்கில், திரொட்டிலுக்குப் பிறகு, பூஸ்ட் வரும் இடத்தில் சேர வேண்டும். பூஸ்ட் 10 ஏறினால் பெற்றோல் அழுத்தமும் 10 ஏறும். இன்ஜெக்டருக்கு இரு பக்கமும் உள்ள வித்தியாசம் 43.5 இலேயே நிற்கும். மிஞ்சிய பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் குழாய் இல்லாமல், ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பகிரும் குழாய்) 58 பிஎஸ்ஐயை நிலையாக வைத்திருக்கும் கார்களில் 10 பிஎஸ்ஐ பூஸ்டில் வித்தியாசம் 48 ஆகிறது. இன்ஜெக்டர் 9 வீதம் குறைவாகத் தரும். இன்ரேக் அழுத்தத்தை வைத்து ஈசியு அதை ஈடுகட்டலாம். ஆனால் அந்த 9 வீதத்தையும் சேர்த்து இன்ஜெக்டர் அளவு எடுக்க வேண்டும்.

எந்தப் பம்ப்?

பெட்டியில் எழுதிய எண்ணை அப்படியே நம்பாதீர்கள். "255" என்பது 40 பிஎஸ்ஐயை ஒட்டிய அழுத்தத்தில், 13.5 வோல்ற்றில், மணிக்கு 255 லீற்றர் என்பது. உங்களுக்குத் தேவை பூஸ்ட் உச்சத்தில் என்ன தரும் என்பது.

மேலே சொன்ன 400 குதிரைவலுவுக்கு நிமிடத்துக்கு 2600 சிசி, அதாவது மணிக்கு 156 லீற்றர். கால் பங்கு மிச்சம் சேர்த்தால் 195. பூஸ்ட் 12 என்றால் ரெயில் அழுத்தம் 55.5 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் 255 வகைப் பம்ப் ஏறத்தாழ 200 முதல் 220 வரை தரும், அதுவும் நல்ல வோல்ற் கிடைத்தால். விளிம்பில் நிற்கிற கணக்கு. 340 வகை போட்டால் நிம்மதி. 450 வகையை 500 குதிரைவலுவுக்குக் கிட்டப் போகிறவர்கள் மட்டும் பாருங்கள்.

வால்ப்ரோ என்ற பம்ப் கம்பனியின் பெயரில் போலிகள் தாராளமாக வருகின்றன. விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையானது என்றாலும் உயர் அழுத்த வகையா என்று கேளுங்கள். தாழ் அழுத்த வகைக்குள் இருக்கும் வால்வு பூஸ்ட் ஏறும்போது திறந்து பெற்றோலைத் தாங்கிக்குள்ளேயே விட்டுவிடும்.

பம்ப் வயறிங்கை மாற்றத்தான் வேண்டுமா?

ஆம். பம்பை மாற்றி வயறிங்கை விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. பழைய காரில் பம்புக்குப் போகும் வயர் பெரும்பாலும் 1 சதுர மி.மீ. அளவு. 4.5 மீற்றர் நீளம், 15 ஆம்பியர் என்றால் அந்த வயரிலேயே 1.2 வோல்ற் விழும். இருபது வருடப் பழைய இணைப்புகளில் விழுவது தனி. பம்புக்கு 11.5 வந்து சேர்ந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாய்ச்சலில் நல்லதொரு பங்கு போய்விட்டது.

பற்றறியிலிருந்து நேரே 4 சதுர மி.மீ. வயர். பற்றறியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 25 ஆம்பியர் பியூஸ். பம்புக்குக் கிட்ட 40 ஆம்பியர் ரிலே. ரிலேயைத் தூண்டுவதற்குக் கம்பனி போட்ட பழைய பம்ப் வயரையே பயன்படுத்துங்கள். எஞ்சின் நின்றால் ஈசியு பம்பை நிறுத்தும் பாதுகாப்பு அப்போதுதான் இருக்கும். சாவியிலிருந்து நேரே ரிலேக்குக் கொடுத்தால், விபத்தில் குழாய் அறுந்த பிறகும் பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எர்த் வயரும் அதே தடிப்பு. பெயின்ற் சுரண்டிய உலோகத்தில் போல்ற் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

தாங்கி மூடியில் வயர் உள்ளே போகும் பிளக்கையும் பாருங்கள். 255க்கு மேற்பட்ட பம்புகளில் கம்பனிப் பிளக் உருகியிருப்பது புதுமை இல்லை.

குழாய், ஹோஸ், பில்ரர்?

8 மி.மீ. உலோகக் குழாய் நல்ல நிலையில் இருந்தால் 400 குதிரைவலு வரை மாற்றத் தேவையில்லை. அதற்கு மேல் ஏஎன்-6 அளவுக் குழாய். திரும்பும் குழாய் ஒடுங்கலாக இருந்தால் பெரிய பம்ப் போட்டதும் ஐடிலில் அழுத்தம் இறங்க மறுக்கும். ரெகுலேற்றர் பழுது என்று அதை மாற்றிக் காசு போகும்.

ரப்பர் ஹோஸில் எழுதியிருப்பதை வாசியுங்கள். எஸ்ஏஇ 30ஆர்7 கார்பரேற்றர் கார்களுக்கானது. இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9. தாங்கிக்கு உள்ளே, பெற்றோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10 மட்டும். 30ஆர்9 ஐ உள்ளே போட்டால் வெளிப்பக்க ரப்பர் ஊறி, சில மாதங்களில் வெடிக்கும். அழுத்தம் தாங்கிக்குள்ளேயே கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மெக்கானிக் பம்பைக் குறை சொல்வார். கிளிப்பும் பல் உள்ள மலிவு வகை வேண்டாம், ஹோஸை வெட்டாத வழுவழுப்பான இன்ஜெக்‌ஷன் கிளிப் போடுங்கள்.

பம்புக்கு முன்னால் 100 மைக்கிரோன், பின்னால் 10 மைக்கிரோன். மாற்றிப் போட்டால் பம்ப் உறிஞ்ச முடியாமல் குமிழி விட்டு, கத்திக் கத்திச் சாகும்.

பம்ப் போதுமா என்று காரை ஓட்டாமல் பார்க்க வழி உண்டா?

உண்டு. ஒரு சைக்கிள் பம்பும் அளவுக் கானும் போதும். திறந்த வெளியில், உலர் தூள் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்து, எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள்.

ரெகுலேற்றரிலிருந்து தாங்கிக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றி, பெற்றோலுக்கென்று உள்ள கானுக்குள் விடுங்கள். ரெகுலேற்றரின் சிறு குழாயில் ஒரு மூன்றுவழி இணைப்பு, ஒரு கேஜ், சைக்கிள் பம்ப். நீங்கள் ஓட்டப்போகும் பூஸ்ட் எவ்வளவோ அவ்வளவு காற்றை அடியுங்கள், 12 என்றால் 12. ரெயில் கேஜ் 55.5 ஐக் காட்ட வேண்டும். பற்றறிக்கு நல்ல சார்ஜர் ஒன்றைத் தூரத்தில் வைத்துக் கொடுத்து, 13.5 வோல்ற்றுக்குக் கொண்டுவாருங்கள். ரிலேயைத் தூண்டி 30 செக்கன் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

எஞ்சின் ஓடாததால் பம்ப் தருவது முழுவதும் கானுக்குள் வரும். மணிக்கு 195 லீற்றர் தேவை என்றால் 30 செக்கனில் 1.6 லீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். 1.3 தான் வந்தது என்றால், பம்பின் இரண்டு முனையிலும் வோல்ற் பாருங்கள். அது சரியென்றால் பில்ரர். அதுவும் சரியென்றால் தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு வலை. நீண்ட காலம் நின்ற காரென்றால் அதில் துருத்தூள் நிறைந்திருக்கும்.

பொருத்திய பிறகு முதல் ஸ்ரார்ட்டுக்கு முன் என்ன?

இன்ஜெக்டர் ஓ-ரிங்குக்கு எஞ்சின் ஒயில் ஒரு துளி பூசுங்கள், சிலிக்கன் வேண்டாம். ரெயிலை இறுக்கிய பின் ஒவ்வொரு இன்ஜெக்டரும் விரலால் திருப்பினால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஓ-ரிங் மடிந்திருக்கிறது. ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மூன்று நாலு தரம் போட்டு எடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள்.

ஐடிலில் ரெகுலேற்றரின் சிறு குழாயைக் கழற்றி, இன்ரேக் பக்கத் துளையை அடைத்துவிட்டு 43.5 பிஎஸ்ஐக்குத் திருகி வையுங்கள். திரும்பக் கொழுவியதும் 34, 35 க்கு இறங்கினால் சரி. இறங்கவில்லை என்றால் சிறு குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது தவறான இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அது பூஸ்டிலும் ஏறாது.

தாங்கியில் பெற்றோல் கால் பங்குக்குக் கீழே இறங்கினால் கார் திணறுகிறது. ஏன்?

வளைவிலும் கடும் பிரேக்கிலும் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. நம்முடைய வீதிகள் தட்டையும் நேருமாக இருப்பதால் இங்கே ஓட்டும்போது பலருக்கு இது தெரிவதில்லை. நுவரெலியாவில் 1934 இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி போன்றவற்றுக்குக் கொண்டுபோகும்போது முதலாவது கொண்டை ஊசி வளைவிலேயே தெரியும். வீதிக்கு மட்டும் என்றால் தாங்கியை எப்போதும் பாதிக்கு மேல் வையுங்கள். போட்டிக்கு என்றால் 2 லீற்றர் அளவில் ஒரு இடைத்தாங்கி: பழைய பம்ப் அதை நிரப்பும், புதுப் பம்ப் அதிலிருந்து எஞ்சினுக்குக் கொடுக்கும், மிஞ்சியது பெரிய தாங்கிக்குத் திரும்பும். இடைத்தாங்கியைப் பயணிகள் இருக்கும் பகுதியில் திறந்தபடி வைக்காதீர்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு. பூஸ்டும் குறையும், பெற்றோல் தேவையும் குறையும். கடல்மட்டத்தில் போதுமான தொகுதி அங்கே போதாமல் போகாது. அங்கே ரியூன் பண்ணிய காரை இங்கே கொண்டுவந்து மிதிப்பதுதான் ஆபத்து.

கனடாவில் இருக்கும் மச்சான் 91 ஒக்ரேனுக்குத்தான் ரியூன் பண்ணினாராம். எங்களுடைய 92 அதைவிட நல்லதுதானே?

இல்லை. வட அமெரிக்காவில் பம்பில் எழுதுவது இரண்டு சோதனை முறைகளின் சராசரி. இலங்கையில் எழுதுவது அவற்றில் ஒன்றான ரோன் எண் மட்டும், அது எப்போதும் பெரியதாக வரும். அங்குள்ள 91 இங்குள்ள 95 ஐ ஒட்டியது. எங்களுடைய 92 அங்கே ஏறத்தாழ 87 என்று எழுதப்படும். மச்சானின் ரியூனை அப்படியே ஏற்றி 92 அடித்தால் எஞ்சின் நொக் பண்ணும். லண்டன், ஐரோப்பா எண்கள் எங்களுடைய முறைதான். ஆனால் அங்கே சாதாரணமாக அடிப்பதே 95.

சூப்பர்சார்ஜர் காருக்கு 95 க்குக் கீழே போகாதீர்கள். எந்தப் பெற்றோல் செட்டில் 95 வேகமாக விற்றுப் புதிது வருகிறது என்று பார்த்து அங்கேயே அடியுங்கள். இ85 (பெரும்பங்கு எதனோல் கலந்த எரிபொருள்) இங்குள்ள செட்டுகளில் இல்லை, ஆகவே வெளிநாட்டு இ85 ரியூன், இ85 இன்ஜெக்டர் கணக்கு எதையும் இங்கே எடுக்க வேண்டாம்.

சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே கார் ஓடியது. கொஞ்சம் கலந்தால் என்ன கெட்டுவிடும்?

ஓடியது உண்மை. பெற்றோல் தடை இருந்த 1990களில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின. அந்த எஞ்சின்களின் சுருக்க விகிதம் 7, 8 அளவில், பூஸ்ட் இல்லை, ஓட்டியவர்களும் மெதுவாகத்தான் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் ஒக்ரேன் இறங்கும். 10 பிஎஸ்ஐ பூஸ்டில் ஒரு சிறு பங்கு கலப்பே நொக்கிங்குக்குப் போதும்.

வெக்கைக்குத் தண்ணீர்-மெதனோல் பீச்சலாமா?

நல்ல யோசனை. காற்றைக் குளிர்விக்கும், நொக்கிங்கைத் தள்ளிப்போடும். சரிபாதிக் கலவை வழக்கம். ஆனால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கேத்திலில் படியும் அதே வெள்ளை, நொசிலின் நுண்துளையை அடைக்கும். பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை வாங்குங்கள், அசிட்டை அல்ல. மெதனோல் விஷம்; பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. பெற்றோல் பற்றாக்குறையை மூடி மறைக்க இதைப் போடுவது கூடாது. கலவை தீர்ந்த அன்று பிஸ்ரன் போகும்.

மத்தியானத்தில் நிறுத்தி எடுத்தால் ஸ்ரார்ட் வர நேரமாகிறது.

பெரிய பம்ப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தால், எஞ்சினைச் சுற்றிச் சூடான பெற்றோல் திரும்பத் திரும்பத் தாங்கிக்கு வருகிறது. தாங்கியில் கொஞ்சம்தான் இருந்தால் அது வேகமாகச் சூடேறும், ரெயிலில் ஆவி கட்டும். பம்பில் திரும்பா வால்வு வேலை செய்கிறதா பாருங்கள்: எஞ்சினை நிறுத்தியதும் கேஜ் உடனே பூச்சியத்துக்கு விழக் கூடாது. 450 வகை என்றால் பூஸ்ட் இல்லாதபோது வேகத்தைக் குறைக்கும் கட்டுப்படுத்தி போடுவது நல்லது.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனியாக ஏதும்?

பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் இருப்பவர்களும் பண்ணைப் பாலத்தால் அடிக்கடி தீவுப் பக்கம் போகிறவர்களும் வருடம் ஒரு தடவை காரைத் தூக்கி, உலோகக் குழாயைப் பிடிக்கும் கிளிப்புகளுக்குப் பின்னால் பாருங்கள். துரு அங்கேதான் முதலில் தொடங்கும். பம்ப் எர்த் முனை பச்சை பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டிப் போடுங்கள்.

ஓட்டும்போது எதைக் கவனிப்பது?

அகலப்பட்டை ஒக்சிஜன் சென்சர் ஒன்றும், ரெயிலில் 0 முதல் 150 பிஎஸ்ஐ வரை அளக்கும் சென்சர் ஒன்றும். இரண்டையும் ஈசியுவில் பதிய விடுங்கள். உச்ச வேகத்தில் கேஜைப் பார்க்க யாருக்கும் கண் இருக்காது. முழு மிதியில் கலவை (ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது) 11.5 முதல் 12.0 வரை. ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்டைக் கழித்தால் எப்போதும் 43.5 ஐ ஒட்டி வர வேண்டும். 3 பிஎஸ்ஐக்கு மேல் விழுந்தால் பெடலை விடுங்கள். ஈசியுவில் வசதி இருந்தால், அப்படி விழும்போது எஞ்சினைத் தானாகக் கட்டுப்படுத்தும் எல்லையைப் போட்டுவிடுங்கள்.

வருடாந்தப் புகைப் பரிசோதனை?

பெரிய இன்ஜெக்டர் ஐடிலில் கொஞ்சம் கூட ஊற்றினாலே காபன் மொனொக்சைட் ஏறித் தோற்கும். ஐடிலிலும் 2500 சுழற்சியிலும் கலவை 14.7 இல் நிற்க ரியூன் பண்ணுங்கள். கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கழற்றாதீர்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, புது ஒயிலோடு கொண்டுபோங்கள். பழைய ஒயிலில் கரைந்திருக்கும் பெற்றோல் ஆவியும் அளவில் ஏறும்.